சத்தம் முந்தியா, கை முந்தியா

விழுந்துட்டா என்றுதான் ஆவுடையப்பன் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்த பெண் கேட்டபோதும் அதைத்தான் சொன்னார். உள்ளே சீட்டு எழுதியவர் தலையைத் தூக்காமல் "எப்படி ஆச்சு?" என்று கேட்டபோதும் அதைத்தான் சொன்னார். கட்டிலில் இருந்து விழுந்துட்டா. வலிப்பு உண்டு, முப்பத்தாறு வருஷமா மாத்திரை சாப்பிடுதா, மூணு வருஷத்துக்கு முந்தி வலது இடுப்பு மூட்டு மாத்தியிருக்கு. இவையெல்லாம் உண்மை. உண்மைகளுக்கு நடுவில் அந்த ஒரு சொல்லை வைத்தபோது அது மற்றவற்றோடு சேர்ந்துகொண்டு தானும் உண்மை மாதிரியே உட்கார்ந்துகொண்டது. எழுதுகிறவர் எழுதிவிட்டார். இப்போது மனைவி காந்திமதி எக்ஸ்ரே அறைக்குள் இருக்கிறாள், கதவுக்கு மேலே சிவப்பு பல்பு எரிகிறது, அவர் வெளியே இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவள் விழவில்லை. கட்டிலில்தான் இருந்தாள், கட்டிலிலேயேதான் முடிந்தது. தலையணை கூட நகரவில்லை. உள்ளே யாரோ "அம்மா, கொஞ்சம்தான், மெதுவா" என்கிறார்கள், அதற்குப் பிறகு அவள் குரல், வாய் மூடியபடியே மேலே ஏறி நின்று இறங்குகிற ஒரு முனகல். காலைத் திருப்புகிறார்கள் போல. திருப்பாதீங்க என்று எழுந்து போய்ச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். திருப்பாதே, திருப்பாதே என்று நினைத்துத்தானே காலையில் அப்படிச் செய்தோம் என்று அடுத்த கணமே நினைவு வந்து, பாதி எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

ஆறு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஆரம்பித்தது. அது சரியாகத் தெரியும். இருபத்தொன்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர், எது நடந்தாலும் கண் முதலில் கடிகாரத்துக்குப் போய்விட்டுத்தான் திரும்பும், அப்பா செத்த நிமிஷம்கூடத் தெரியும். ஆறு பன்னிரண்டு. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காபித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பால்காரர் தண்ணி ஊத்தித்தான் குடுக்காரு போல" என்றாள். போல என்ற சொல்லின் கடைசியில் குரல் நீண்டு நின்றது. அவர் திரும்பினார். கண் போயிருந்தது. முகம் அப்படியே இருக்க, கண்ணில் இருந்து அவள் மட்டும் எழுந்து எங்கேயோ போய்விட்ட மாதிரி. தம்ளரை வாங்கிக் கீழே வைத்தார், தோளைப் பிடித்து மெல்லச் சாய்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். அதுவரை எல்லாம் சரி. அதுவரை எத்தனையோ தடவை செய்ததுதான். உடம்பு விறைத்தது, பிறகு வெட்டி இழுக்க ஆரம்பித்தது, வலது கால் உள்பக்கமாகத் திரும்பித் திரும்பி வெட்டியது. உள்பக்கமாக. அவர் அவள் தொடை மேல் குறுக்கே விழுந்து, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து, வெளிப்பக்கமாக அழுத்தினார். எழுபத்திரண்டு கிலோ. அறுபத்தொரு வயசு ஆள், முழு பலத்தோடு. ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம் மாதிரி, ஆனால் ஈரமாக, சதைக்குள்ளே இருந்து. அந்தச் சத்தம் எப்போது கேட்டது? கையை வைத்த பிறகா, வைக்கும் முன்பா? காலைப் பார்த்தோம், அது வெட்டியது, சத்தம் கேட்டது, அதனால் பதறிப்போய் மேலே விழுந்தோமா? அல்லது மேலே விழுந்தோம், அழுத்தினோம், அப்புறம் கேட்டதா? பெஞ்சில் உட்கார்ந்தபடி அவர் அதை மறுபடி நடத்திப் பார்த்தார். முதல் தடவை சத்தம் முந்தி வந்தது. இரண்டாம் தடவை கை முந்தி வந்தது. மூன்றாம் தடவை இரண்டும் ஒன்றாக வந்தன. எட்டாம் நம்பர் பஸ்ஸும் பதினாறாம் நம்பர் பஸ்ஸும் ஒரே நேரத்தில் வாசலில் நுழைந்தாலும் எது முந்தி என்று அவர் எழுதியாக வேண்டும், எழுதியிருக்கிறார், டிரைவர்கள் வந்து சண்டை போட்டாலும் மாற்றியதில்லை. இதை எழுத முடியவில்லை.

பக்கத்தில், கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் துணித் தொட்டிலாகத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். "உள்ள யாரு, வீட்டுக்காரம்மாவா?" என்றார். "ஆமா." "விழுந்துட்டாங்களோ?" "ஆமா, கட்டில்ல இருந்து." "கட்டில் உசரமோ?" ஆவுடையப்பன் யோசித்தார். "நம்ம முழங்கால் உசரம் இருக்கும்" என்றார். சொன்னதும் அந்த உயரத்தில் இருந்து அவள் விழுவது தெரிந்தது. வலது பக்கமாகச் சரிந்து, கை தரையில் ஊன்ற முயன்று, இடுப்பு முதலில் பட்டு. அத்தனை தெளிவாகத் தெரிந்தது, சிமெண்டுத் தரையில் சிந்திய காபிகூட. காபி சிந்தவில்லையே, தம்ளரை நான்தானே வாங்கி வைத்தேன். பெரியவர் தன் கை ஒடிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், மாடிப்படி, மழை, வழுக்கல். ஆவுடையப்பனுக்கு அவர் மேல் பொறாமையாக இருந்தது. வழுக்கி விழுந்த மனுஷன். அவருக்கும் படிக்கும் நடுவில் நடந்தது, வேறு யாரும் இல்லை. நடைவழியில் பினாயில் நாற்றமும் யாரோ பிரித்த இட்லிப் பொட்டலத்தின் சாம்பார் வாசமும் கலந்து வந்தன, வயிறு பசித்தது, பசித்ததற்காக வெட்கமாக இருந்தது. ஆறு மணிக்குக் குடித்த காபிதான். தண்ணி ஊத்தித்தான் குடுக்காரு போல. அவள் சொன்ன கடைசி வார்த்தை அதுவாக இருந்திருந்தால்? இல்லை, அப்படி ஒன்றும் ஆகவில்லை, உள்ளே முனகுகிறாள், இருக்கிறாள். கண் திறந்ததும் முதலில் எழுந்திருக்கப் பார்த்தாள். காலை அசைத்ததும் போட்ட கூச்சல் பக்கத்து வீட்டுக்காரர்களை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டது. கூச்சல் ஓய்ந்து, ஆட்டோ வருவதற்குள், அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நான் விழுந்துட்டேனா?" என்று கேட்டாள். அவள்தான் கேட்டாள். அந்தச் சொல்லை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். அவர் ஆமா என்றார், அவ்வளவுதான். "எங்க வச்சு?" "கட்டில்ல இருந்து." அவள் கட்டிலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், தான் கட்டில் மேலேயே படுத்திருப்பதைப் பார்த்தாள். பிறகு நம்பிவிட்டாள். எப்போதும் நம்புகிற மாதிரி.

நரம்பு டாக்டர் எத்தனை வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார், வலிப்பு வரும்போது பிடிக்காதீங்க. கூர்மையான சாமானை நகர்த்துங்க, தலைக்குக் கீழே துணி வைங்க, நேரம் பாருங்க, அடங்கினதும் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கையையும் காலையும் அமுக்கக் கூடாது, அது பாட்டுக்கு வந்து அது பாட்டுக்குப் போகும். அவர் அதைப் பிசகாமல் செய்தார். பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் தன் மடியிலேயே இறுக்கிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அந்த டாக்டருக்குத் தெரியுமோ என்னவோ. மூன்று வருஷத்துக்கு முன்னால் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே விழுந்து இடுப்பு ஒடிந்தது. அப்போது நிஜமாகவே விழுந்தாள். எலும்பு டாக்டர் உருண்டையும் கிண்ணமுமாக ஒரு செயற்கை மூட்டைக் காட்டினார். தொடை எலும்புக்குள்ளே சாண் நீளத்துக்கு ஒரு கம்பி இறங்கும், அதன் தலையில் இந்த உருண்டை. தரையில் உட்காரக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, கால் உள்பக்கமாகத் திரும்பக் கூடாது, திரும்பினா பந்து கழண்டு வந்துரும், அப்புறம் எல்லாம் மொதல்ல இருந்து. உள்பக்கமாகத் திரும்பக் கூடாது. மூன்று மாதம் அவள் இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்து, தூக்கத்தில் அது நகர்ந்தால்கூட எழுந்து சரி செய்திருக்கிறார். ஒரு டாக்டர் பிடிக்காதே என்றார். ஒரு டாக்டர் திரும்ப விடாதே என்றார். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்ய என்று இவர் இரண்டு பேரிடமும் கேட்கவில்லை. அவர்கள் வேறு வேறு மாடியில் இருந்தார்கள், வேறு வேறு நாளில் பார்த்தார்கள், ஒருவர் காலைப் பார்க்கவில்லை, ஒருவர் தலையைப் பார்க்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் இவர்தான். இவர் டைம் கீப்பர். மூட்டு மாற்றி மூன்று வருஷத்தில் பெரிய வலிப்பு ஒன்றும் வரவில்லை, மாத்திரையை மாற்றியிருந்தார்கள், இனி வராது என்றே நினைத்துவிட்டார். பழைய மாத்திரை, வெள்ளை மாத்திரை, அதுதான் எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிய வைத்தது என்று அப்போதுதான் சொன்னார்கள். வலிப்பை அடக்கும், எலும்பைத் தின்னும். ஈறு தடித்துப்போனதும் அதனால்தான், சிரிக்கும்போது காந்திமதி வாயைப் பொத்திக்கொள்வதும் அதனால்தான். அந்த மாத்திரையைத் தினமும் தன் உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டியதும் இவர்தான். ஒரு நாள் தவறவிட்டதில்லை என்று அந்த டாக்டரிடம் பெருமையாகச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. டாக்டர் தலையை ஆட்டினார். ரொம்ப நல்லது என்றார். வேறென்ன சொல்வார்.

கல்யாணம் ஆன நாலாம் நாள் குழாயடியில் குடத்தோடு சாய்ந்தாள். அவள் வீட்டில் சொல்லாமல் கட்டிக் கொடுத்திருந்தார்கள். யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், யாரோ சேலையை இழுத்துவிட்டார்கள், சேலை நனைந்திருந்தது குடத்துத் தண்ணியால் மட்டும் இல்லை. அத்தை ஒருத்தி, கொண்டுபோய் விட்டுட்டு வந்துருங்க என்று அங்கேயே, அவள் தலைமாட்டிலேயே சொன்னாள். காந்திமதி கண் விழித்து, கூட்டத்தைப் பார்க்காமல் நேரே இவரைப் பார்த்து, "நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வயசு. ஒண்ணுமில்ல, லேசா மயக்கம், ரெண்டு நிமிஷம் என்றார். ஒன்பது நிமிஷம். அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எத்தனை வந்ததோ அத்தனைக்கும் ரெண்டு நிமிஷம்தான். பேருந்தில் வந்ததும், அவள் தம்பி கல்யாணப் பந்தியில் வந்ததும், கோயில் பிரகாரத்தில் வந்ததும். அவளுடைய ஆயுசில் அந்த நிமிஷங்கள் எல்லாம் ஓட்டைகளாக இருந்தன, அந்த ஓட்டைக்கெல்லாம் இவர்தான் துணி வைத்துத் தைத்தார், எல்லாம் ஒரே நிறத் துணி. சத்தம் போட்டேனா? இல்ல. யாராவது பார்த்தாங்களா? ஒருத்தரும் இல்ல. நாக்கைக் கடித்து ரத்தம் வந்திருந்தால்தான் கொஞ்சம் கஷ்டம், அதற்கும் ஏதாவது சொல்லிவிடுவார். இரக்கத்தில் சொன்னதுதான். இன்றைக்குக் காலையில் சொன்னதும் இரக்கமா? இந்த இடத்தில் வந்து நினைப்பு முட்டி நின்றது. இத்தனை வருஷம் அவளைக் காப்பாற்றச் சொன்னார், இன்றைக்குத் தன்னைக் காப்பாற்றச் சொன்னார், வாய் இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்லியது. எது முந்தி எது பிந்தி என்றே தெரியாமல்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஓசூரில் இருக்கும் மகள் வடிவு. "அப்பா, எக்ஸ்ரே எடுத்தாச்சா? அம்மா எங்க வச்சு விழுந்தாங்க, பாத்ரூம்லயா?" "இல்லம்மா, கட்டில்ல இருந்து." "நீங்க பக்கத்துல இல்லையா?" அவர் சிவப்பு பல்பைப் பார்த்தார். "இருந்தேன்" என்றார். "அப்படியும் விழுந்துட்டாங்களா. சரிப்பா, உங்க மேல தப்பில்ல, ஒரு நொடியில நடக்கிறது. சாயங்காலம் வண்டி ஏறிருதேன். நீங்க ஏதாவது சாப்பிடுங்க." போனை வைத்த பிறகும் அதைக் காதிலேயே வைத்திருந்தார். உங்க மேல தப்பில்ல. இதை மட்டும் வாங்கிக்கொள்ள முடியவில்லை. பல்பு அணைந்தது.

அவளைச் சுவரோரமாக ஸ்ட்ரெச்சரில் நிறுத்தினார்கள். முகம் வெளுத்து, வலிக்குப் போட்ட ஊசியில் கண் பாதி செருகி இருந்தது. அவர் பக்கத்தில் போய் நின்றார், எங்கே தொடுவது என்று தெரியாமல் அவள் தலைமாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் வந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும், களைத்த முகம், நிதானமான பேச்சு. சுவரில் இருந்த திரையில் படத்தைப் போட்டார். கம்பி வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அது முடிகிற இடத்துக்குக் கீழே எலும்பைச் சுற்றி, கொடி சுற்றுகிற மாதிரி, ஒரு கறுப்புக் கோடு.

"விழுந்ததா எழுதியிருக்கு. எந்தப் பக்கமா விழுந்தாங்க?"

ஆவுடையப்பன் அந்தக் கறுப்புக் கோட்டையே பார்த்தார்.

"நேரா விழுந்தா வேற மாதிரி உடையும். இது முறுக்கி உடைஞ்சிருக்கு. அதான் கேட்கிறேன்."

வலது பக்கமா என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. அந்த விழுகையை அவர் பார்த்தே விட்டிருந்தாரே, காபி உட்பட. "விழல" என்றார். தன் குரல் யாருடையதோ போல் கேட்டது. "கட்டில்லயேதான் இருந்தா. வலிப்பு வந்துச்சு. கால் உள்பக்கமா திரும்புச்சு. மூட்டு கழண்டுரக் கூடாதேன்னு நான் மேல விழுந்து புடிச்சேன். பலமா."

டாக்டர் படத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "வலிப்போட இழுப்புலயே இப்படி உடையலாம்" என்றார். "எலும்பு மெலிஞ்சிருக்கு. கம்பி முடியுற இடம் எப்பவும் பலவீனம், எல்லா விசையும் அங்கதான் வந்து நிக்கும். நீங்க புடிச்சதும் சேர்ந்திருக்கலாம். இனிமே புடிக்காதீங்க, மூட்டு கழண்டா நாங்க போட்டுக்கலாம்."

"எதுனால உடைஞ்சுதுன்னு படத்துல தெரியாதா?"

"தெரியாதுங்க."

நாளைக்குக் காலையில் ஆபரேஷன், தகடு வைத்துக் கம்பி சுற்ற வேண்டும், நரம்பு டாக்டரையும் கூப்பிட்டுப் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். தெரியாது. இனி ஒரு நாளும் தெரியாது. இவ்வளவு பெரிய மெஷினுக்குத் தெரியவில்லை. அதை ஒரு ஆறுதலாக எடுத்துக்கொள்ள மனசு கையை நீட்டியது, எட்டவில்லை. காந்திமதி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள்.

"நான் விழலியா?"

"இல்ல."

"பிறகு ஏன் விழுந்தேன்னு சொன்னீங்க?"

"பயந்துட்டேன், காந்தி."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கோபம் இருந்ததா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "புடிச்சதுக்கு ஒண்ணும் சொல்லல நான்" என்றாள். நாக்கு தடித்து, சொற்கள் மெல்ல வந்தன. "நீங்க சொல்லுததுதானே எனக்கு நடந்தது. எனக்கு வேற யாரு இருக்கா சொல்லுததுக்கு."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வடிவு கையில வெந்த தழும்பு" என்றாள். "சோறு வடிக்கையில அவ என் சேலையைப் புடிச்சு இழுத்தான்னீங்க."

அந்த மதியம் பக்கம் அவர் போவதே இல்லை. இன்று காலையில் இருந்து எங்கெங்கோ சுற்றிய நினைப்புகூட அந்த வழியாக வரவில்லை. மூன்று வயசுக் குழந்தை, அடுக்களைத் தரையில் கரண்டியை வைத்துத் தட்டிக்கொண்டு இருந்தது. இவர் இரவு டியூட்டி முடித்து வந்து, அடுக்களை தெரிகிற இடத்தில் படுத்திருந்தார். பானை உருளும் சத்தம், அதற்குப் பிறகு குழந்தை.

"சொல்லுங்க."

"அவ இழுக்கல" என்றார். "அவ அந்தப் பக்கம் சும்மா உக்காந்திருந்தா. உனக்கு வந்துச்சு. பானையோட சாஞ்ச."

காந்திமதி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். ஒரு நர்ஸ் கடந்து போனாள், தூரத்தில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "எத்தன தடவ திட்டியிருக்கேன் அவள. அடங்காப் பிடாரின்னு. பொண்ணு பாக்க வந்தவங்க கேட்டப்பகூட, சின்னதுல ரொம்பச் சேட்டை, அவளே இழுத்து ஊத்திக்கிட்டான்னு சொன்னேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க."

"இருந்தேன்."

"அவளுக்குப் போனைப் போடுங்க."

"சாயங்காலம் கிளம்பி வருதா. நேர்ல..."

"நாளைக்கு மயக்க மருந்து குடுப்பாங்க. அதுக்குள்ள இன்னொண்ணு வந்துட்டா இதையும் மறந்துருவேன். போடுங்க."

அவர் எண்ணை அழுத்தினார். "அப்பா, டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று வடிவின் குரல் கேட்டது. அவர் போனை மனைவியின் காதோரம் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி" என்றாள் காந்திமதி. "எனக்கு ஒண்ணுமில்ல, இருக்கேன். உன் கையைப் பத்தி ஒண்ணு சொல்லணும். நீ எதையும் இழுக்கல. கரண்டியை வச்சுக்கிட்டு..." நிறுத்தினாள். கரண்டியைப் பற்றி அவர் சொல்லவே இல்லையே என்று ஆவுடையப்பன் திடுக்கிட்டார். அது அவளுக்கு வலிப்புக்கு முந்திய நிமிஷம், அவளே பார்த்தது, அவளிடமே இத்தனை வருஷம் இருந்திருக்கிறது. அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் இல்லை. தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"அன்னைக்கு அழுதாளா?"

"ரொம்ப."

"ரொம்ப அழுதியாம்" என்று போனில் சொன்னாள்.